கை நனைத்த வழக்கு

"மூணு தடவ கொழம்பு வாங்கிச் சாப்பிட்டிருக்காக. ஒரு தடவைன்னா தெரியாம சாப்பிட்டாகன்னு விடலாம். மூணு தடவையும் தெரியாமயா?"

"பசிச்சிருக்கும் சித்தி."

"பசிச்சா தண்ணியக் குடிக்கணும். பொண்ணு பாக்க வந்த எடத்துல சோத்துல கை வச்சா என்னடி அர்த்தம்?"

"பசிச்சுதுன்னு அர்த்தம்."

"யக்கா, ஒம் மக பேசுறதக் கேட்டியா?"

அம்மா கேட்டாள். ஆனால் பூண்டு உரித்துக்கொண்டிருந்ததால் கேட்காதது போல இருந்தாள். முனீஸ்வரி சித்தி பேசத் தொடங்கினால் அம்மாவுக்கு எப்போதும் உரிப்பதற்கு ஏதாவது இருக்கும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரி சாப்பிடலாம், பஜ்ஜி சாப்பிடலாம், காப்பி குடிக்கலாம். சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. பெண் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டால் கை நனைத்துவிட்டார்கள் என்று பொருள். கை நனைத்தால் சம்மதம். அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க முடியாது, பின்வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் அவமானம். முந்தின நாள், கார்த்திகை கடைசி ஞாயிற்றுக்கிழமை, தேவதானப்பட்டியிலிருந்து வேனில் ஒன்பது பேர் என்னைப் பார்க்க சுருளிப்பட்டிக்கு வந்தார்கள். எட்டுப் பேர் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து கேசரியைப் பார்த்தார்கள். ஒன்பதாவது ஆளான மாப்பிள்ளை இனியன், எங்கள் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே, வேலைக்கு வந்த பெண்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிட்டார்.

அதை மாடியிலிருந்து சித்தி பார்த்துவிட்டாள். பார்த்ததோடு எண்ணியும் விட்டாள்.

அவர் எதற்காகத் தோட்டத்துக்குப் போனார் என்பது தனிக் கதை. நான் பட்டுப்புடவையோடு காப்பித் தட்டை ஏந்தி வந்தபோது ஒரு நாற்காலி காலியாக இருந்தது. "கொடியப் பாத்துட்டு வாரேன்னு போனான்த்தா, வந்துருவான்" என்றார் அவர் அம்மா சந்தனம்மாள். பெண்ணைப் பார்க்க வந்தவன் கொடியைப் பார்க்கப் போயிருக்கிறான். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் நாயகன் முதல் சந்திப்பில் குதிரையிலிருந்து இறங்குவான். அல்லது கணப்பு அடுப்பின் அருகே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். எப்படியோ, அதே அறையிலாவது இருப்பான்.

சர்க்கரை எடுக்கும் சாக்கில் பின்வாசலுக்குப் போனேன். பத்தடி தள்ளி என் பந்தல் தொடங்குகிறது. என் பந்தல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு வருஷம் நாவலும் கையுமாக இருந்த என்னிடம் அப்பா அரை ஏக்கர் பன்னீர் திராட்சையை ஒப்படைத்து, "இது ஒம் பொறுப்பு, நான் தலையிட மாட்டேன்" என்றிருந்தார். அந்த வாரம்தான் நான் என் வாழ்க்கையின் முதல் கவாத்தை முடித்திருந்தேன். நானே கத்தரி பிடித்து, ஒவ்வொரு கொடியிலும் சரியாக நாலு கண் விட்டு வெட்டியிருந்தேன். கண் என்பது துளிர் வருகிற கணு. கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தால் கோலம் போட்டது போல இருந்தது.

அந்தக் கோலத்துக்குக் கீழே உயரமாக ஒருவர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்கா இதுல கத்தரி போட்டது?" என்று தேவயானி அக்காவிடம் கேட்டார். தேவயானி அக்கா எங்கள் தோட்டத்தில் பல வருஷமாக வேலை செய்பவள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வம்பு அவளுக்கு வெற்றிலை மாதிரி.

"ஏன் தம்பி கேக்குறீக?"

"பஸ்ஸு பிடிக்கப் போற அவசரத்துல வெட்டுன மாதிரி இருக்கு. தடிச்ச கொடிக்கும் நாலு கண்ணு, மெலிஞ்ச கொடிக்கும் நாலு கண்ணு. சலூன்ல புள்ளைகளுக்கு வரிசையா ஒக்கார வச்சு சம்மர் கட்டிங் அடிப்பாகள்ல, அந்த மாதிரி."

அந்தக் கணத்திலேயே நான் அவரை வெறுத்தேன். ஒரே மூச்சில், முழுமையாக, எந்த மிச்சமும் வைக்காமல் வெறுத்தேன். சர்க்கரை எடுக்காமலேயே முன்னறைக்குத் திரும்பினேன். சந்தனம்மாள் கசப்புக் காப்பியை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லத் தயாராக இருந்தேன். அதற்குள் சித்தி மாடியிலிருந்து இறங்கி வந்து சேதியைப் போட்டு உடைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை, பூண்டு உரிக்கும் நேரத்தில், குருசாமி மாமா வரவழைக்கப்பட்டார். அம்மாவின் அண்ணன். கம்பம் - தேனி வழித்தடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்தச் சிக்கலையும் அவர் டிக்கெட் கணக்கில்தான் பார்ப்பார்.

"சோறு எங்கன வெந்துச்சு?"

"நம்ம வீட்டு அடுப்புலதான்ணே" என்றாள் சித்தி.

"சாப்பிட்டது எங்கன?"

"தோட்டத்துல."

மாமா கண்ணை மூடினார். "இதுல சிக்கல் இருக்கு. ஸ்டாண்டுக்குள்ள ஏறுனா டிக்கெட். ஸ்டாண்டுக்கு வெளிய, வண்டி ஓடிக்கிட்டிருக்கப்ப தொத்துனா? யோசிக்கணும்."

தேவதானப்பட்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். சந்தனம்மாளின் குரல் அழுத்தமாக வந்தது. "எங்க குடும்பத்துல கை நனைச்சிட்டுப் பேச்சு மாறுன ஆளே கெடையாது மதினி. எம் மகன் சாப்பிட்டேன்னு ஒத்துக்கிட்டான். அதுவும் பொண்ணு கைப்பக்குவம் அப்படியிருந்துச்சாமே!"

அப்பா அந்த நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கான காரணம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

இரண்டு நாளில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் கல்யாணப் பேச்சு பேசக் கூடாது. ஆகவே வழக்கு தை முதல் ஞாயிற்றுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. எனக்கு ஒரு மாத அவகாசம் கிடைத்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். சரியோ வேண்டாமோ, அதை நான் சொல்ல வேண்டும். மூன்று கரண்டிக் குழம்பு சொல்லக் கூடாது.

புதன்கிழமை அவருடைய நம்பரைத் தேடினேன். தேனியில் சொட்டுநீர்க் குழாய் போடும் ஒரு கம்பெனியில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் மோட்டார் ரூம் கதவில் அந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது: 'புகார்களுக்கு: இனியன், கம்பம் பகுதி.' நம்பரை அழுத்தியதும் என் போனிலேயே பெயர் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் என்றோ பதிந்து வைத்த பெயர்: 'பைப் லீக்.'

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்கு வரச் சொன்னேன். வந்தார். தோளில் கறுப்புக் குழாய் வளையம் ஒன்று மாலை மாதிரி தொங்கியது. உட்காரும்போது அதன் ஒரு முனை விடுபட்டு என் தேநீரில் விழுந்தது.

"மன்னிச்சுக்கங்க. ரெண்டு முட்டை பப்ஸ் சொல்லவா? மத்தியானம் சாப்பிடல."

இந்த மனிதருக்கு எந்நேரமும் பசிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நேரா விஷயத்துக்கு வாரேன்" என்றேன். "அன்னைக்கு நீங்க ஸ்பூன்ல சாப்பிட்டேன்னு சொல்லுங்க. கையே நனையலன்னா வழக்கே இல்ல."

"கருவாட்டுக் கொழம்ப ஸ்பூன்லயா? எங்க அம்மா என்னைய வீட்ட விட்டே வெரட்டிருவாக."

"அப்படின்னா கொழம்பு நல்லா இல்ல, துப்பிட்டேன்னு சொல்லுங்க."

அவர் பப்ஸைத் தட்டில் வைத்தார். முகம் நிஜமாகவே வருத்தப்பட்டது. "அதெப்படிங்க சொல்ல முடியும்? நல்லாருந்துச்சு. நீங்க கஷ்டப்பட்டு வச்ச கொழம்பு."

"நான் வைக்கல. எங்க அப்பா வச்சது. அம்மா கேசரி கிண்டிக்கிட்டு இருந்தாக."

அவர் பப்ஸை மறுபடியும் எடுத்து ஒரு கடி கடித்தார். "எங்க அம்மா தெரு பூரா பொண்ணு கைப்பக்குவம்னு சொல்லிட்டாகளே."

"அப்ப எங்க அப்பாவத்தான் நீங்க கட்டணும்."

அவர் சிரித்த சிரிப்பில் பப்ஸ் துகள் குழாய் வளையம் முழுக்கச் சிதறியது. அதைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நெசத்தைச் சொல்றேன். சம்மதம்னு நெனச்சு சாப்பிடல. அந்தக்கா தட்ட நீட்டுனாக, நான் வாங்கிட்டேன். சாப்பிட்டதச் சாப்பிடலன்னு பொய் சொல்ல எனக்கு வராது. ஆனா தை மாசம் நான் எந்திரிச்சு, இது செல்லாதுன்னு பேசிர்றேன். வர்ற பேச்சு எம் மேல வரட்டும், ஒங்க மேல வேணாம்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது போல இருந்தது. அதையும் அவரே கெடுத்தார்.

"அப்புறம், அந்த அரை ஏக்கரு துளிர்த்திருச்சா? அதை வெட்டுன ஆள்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"சொல்லுங்க."

"யார்கிட்ட?"

"அந்த ஆளு ஒங்க முன்னாலதான் ஒக்காந்திருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கத்தரி பிடித்த கொப்புளம் இன்னும் ஆறியிருக்கவில்லை. "அழகா வெட்டியிருக்கீங்க" என்றார்.

நான் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆனா தப்பு."

பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களைத் தயாரித்தேன். கூடலூர் பஸ்ஸில் தவறுதலாக ஏறிவிட்டேன் என்று கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

மார்கழி பிறந்து ஒரு வாரத்தில் பந்தல் துளிர்த்தது. காலையில் பனியோடு பார்த்தால் பச்சை விளக்குகளைக் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கும். அந்த ஒரு வாரம் நான் மிகுந்த பெருமையோடு நடந்தேன். அடுத்த வாரம் தடித்த கொடிகளில் துளிரோடு கடுகு கடுகாகப் பூங்கொத்து எட்டிப் பார்த்தது. மெலிந்த கொடிகளில் பூ இல்லாமல், பற்றிப் படரும் சுருள்கம்பிகள் மட்டும் நீண்டன. பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் காற்றில் துழாவின. நான் ஒவ்வொரு செடியாக எண்ணினேன். பாதிக்கு மேல் சுருள்கம்பி. அந்த வெள்ளாமையில் பாதி என் கோலத்துக்கே போய்விட்டது.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். தலையிட மாட்டேன் என்று சொன்னவரிடம் போய் நிற்க மனம் வரவில்லை. மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 'பைப் லீக்'குக்குப் போன் போட்டேன்.

"நீங்க சொன்னது சரிதான்" என்றேன். அதைச் சொல்வதற்கு முன் மூன்று முறை போனைக் கட் பண்ணியிருந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார். கையில் கத்தரி. முதுகுப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். அம்மா காப்பியோடு வந்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"வேணாம்த்தை. கேஸ் நடக்குதுல்ல."

"காப்பி குடிக்கலாம் தம்பி, காப்பிக்குக் குத்தமில்ல."

"மேல இருந்து பாத்தா காப்பியா கொழம்பான்னு தெரியாதுங்க" என்று மாடியைப் பார்த்தார். மாடியில் சித்தியின் தலை சட்டென்று மறைந்தது.

பந்தலுக்குக் கீழே நடந்து ஒவ்வொரு கொடியாகத் தொட்டுப் பார்த்தார். நான் கூடவே நடந்தேன். ஒரு சொற்றொடருக்காகக் காத்திருந்தேன். 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே.' அது எப்படியும் வரும், வந்ததும் என்ன பதில் சொல்வது என்றும் முடிவு செய்து வைத்திருந்தேன். முதல் வரிசை முடிந்தது, வரவில்லை. இரண்டாவது வரிசையில் அவர், "ஓடைப்பட்டில ஒருத்தரு தோட்டத்துல, மழை வராது, தைரியமா வெட்டுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். "மறுநாளே மழை. மூணு ஏக்கரு. அவரு மருந்தடிக்கிற டேங்க முதுகுல மாட்டிக்கிட்டு என்னைய மெயின் ரோடு வரைக்கும் வெரட்டுனாரு. ஒரு வாரம் சட்டையில மருந்து வாடை போகல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இன்னைக்கும் அந்த ரோட்டுல ஹெல்மெட்ட கழட்ட மாட்டேன்."

மெலிந்த கொடியை இரண்டு கண்ணுக்குத் திருப்பி வெட்டச் சொன்னார். "இந்த வெள்ளாமைக்கு இது காய்க்காது. ஆனா அடுத்த தடவைக்கு நல்ல கொடி வரும். தடிச்சது எல்லாம் ஒங்க கை வச்சதுதான், நல்லா வந்திருக்கு, பாருங்க." கத்தரியை என்னிடமே கொடுத்தார். ஒரு கொடியைக்கூட அவர் வெட்டவில்லை. இருட்டும்வரை நடந்தும் நான் காத்திருந்த சொற்றொடர் வரவே இல்லை. தயாரித்து வைத்திருந்த பதில் வீணாகிப்போனது.

அதற்குப் பிறகு நாலு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் சொந்தத் தண்ணீர், சொந்த டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸைக்கூட எங்கள் வரப்பைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்து எல்லைக்குள் உட்கார்ந்துதான் திறப்பார். "தம்பி, அந்த நெலத்துக்காரர் வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க" என்று தேவயானி அக்கா கத்துவாள். அவர் நாலு வாயை ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். நான் அதற்குச் சிரிப்பேன். சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மனசுக்குள் சரிபார்த்துக்கொள்வேன். ஆகிவிட்டது, குமுளியில் இருக்கிறாள்.

ஒருநாள் நான் படித்துக்கொண்டிருந்த தடித்த நாவலை இரவல் கேட்டார். அடுத்த முறை வரும்போது நூற்று நாற்பதாவது பக்கத்தில் பப்ஸ் வாங்கிய ரசீதை அடையாளம் வைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு எப்ப அந்தாள மன்னிக்கும்?"

"கடைசியில."

"கடைசி எழுநூத்திச் சொச்சத்துல இருக்குங்க. பாவம், மழையில நின்னுக்கிட்டே இருக்கான். மாளிகையில அத்தன வேலக்காரக இருக்காக, ஒருத்தருகூட உள்ள வந்து ரெண்டு வாய் சாப்பிடுய்யான்னு கூப்புடல."

அந்த நாவலை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். நாயகனுக்குப் பசிக்கும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அன்று இரவு போனில் அவர் பெயரைத் திருத்தப் போனேன். 'இனியன்' என்று மாற்றினால் சித்தி கண்ணில் படும். 'பைப் லீக்' என்றே விட்டுவிட்டேன்.

நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பேக்கரியில் அவ்வளவு கறாராகப் பேசிவிட்டு, இப்போது போய் எப்படிச் சொல்வது? அவரும் கேட்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் குறியாக இருந்தார். ஒரு மனிதனின் நேர்மையே இவ்வளவு இடைஞ்சலாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தை முதல் ஞாயிறு வந்தது. அதே முன்னறை, அதே நாற்காலிகள். இம்முறை ஒன்பது பேரும் இருந்தார்கள். குருசாமி மாமா வெள்ளைச் சட்டையில் நடுவே உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றேன்.

"தம்பி, நீங்க சாப்பிட்டது நெசமா?" என்று மாமா தொடங்கினார்.

"நெசம்ங்கய்யா."

"மூணு தடவ?"

"நாலு. கடைசித் தடவ அந்தக்கா குனிஞ்சதால மேல இருந்து தெரிஞ்சிருக்காது."

சித்திக்கு முகம் சுருங்கியது. எண்ணிக்கையில் அவள் தோற்றது அதுவே முதல் தடவை.

இனியன் எழுந்து நின்றார். "ஆனா அது சம்மதம் ஆகாதுங்கய்யா. நான் பசிக்குச் சாப்பிட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல. நானும் கேக்கல. அவுக கையால வாங்காத சோத்துக்கு அவுக எப்படிக் கட்டுப்பட முடியும்? இது செல்லாதுன்னு நீங்க சொல்லிரணும்."

"அப்ப பொண்ணு வேண்டாங்குறீகளா?"

இனியனுக்குக் காது இரண்டும் சிவந்தன. "கை நனைச்சது செல்லாதுன்னு மட்டுந்தான் சொல்றேன்" என்றார், தரையைப் பார்த்து.

இந்த மனிதருக்குப் பொய் வராது. வேண்டாம் என்ற ஒரே சொல்லைச் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். அதை அவரால் சொல்ல முடியவில்லை.

குருசாமி மாமா நெடுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "பயணி கேக்காம டிக்கெட்ட நாமளே கிழிச்சுக் கையில திணிச்சா, அது செல்லாது. கேன்சல். ரெண்டு வீட்டுக்கும் எந்தக் கட்டும் இல்ல."

அப்பா பெருமூச்சு விட்டார். அது நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை. சந்தனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார். "அப்ப நாங்க கெளம்புறோம் மதினி. ஏலே இனியா, வேன எடுக்கச் சொல்லு." நாற்காலிகள் நகர்ந்தன. புடவைகள் சரசரத்தன. மணி ஒன்று. இனியன் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும், முகத்திலேயே எழுதியிருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது எனக்குக் கிடைத்துவிட்டது. யாரும் எதற்கும் கட்டுப்படவில்லை. இனி யார் எதைச் சொன்னாலும் அது அவரவர் சொந்தச் சொல்.

நான் அடுக்களையிலிருந்து வெளியே வந்தேன். பட்டுப்புடவை இல்லை, கையில் காப்பித் தட்டும் இல்லை. அம்மாவின் பழைய சேலைத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தேன். சித்தி என்னைப் பார்த்து, என் பின்னால் வந்த குழம்பு வாசத்தையும் மோப்பம் பிடித்து, பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். தேவயானி அக்கா பின்வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். குருசாமி மாமா மெல்ல மறுபடியும் உட்கார்ந்தார்.

இனியன் வாசல்படியில் ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் திரும்பிப் பார்த்தார்.

"கருவாட்டுக் கொழம்பு" என்றேன். "இந்தத் தடவ நானே வச்சது. அப்பா அடுப்புப் பக்கமே வரல. உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கும், கருவாடும் ரெண்டு எடத்துல ஒடஞ்சிருச்சு." ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவரை மட்டும் பார்த்தேன்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறீங்களா?"